மேடை நாற்காலி யாருக்கு?

பள்ளி ஆண்டு விழாக் குழுவினருக்கு,

வணக்கம். சிறப்பு விருந்தினரை முடிவு செய்யும் கூட்டங்கள் சிலவற்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே முதலில் எழும் கேள்வி, "கட்டட நிதிக்கு எவ்வளவு தருவார்?" அந்தப் பணம் எந்த வழியில் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இந்த மடல்.

விழாவன்று ஒரு சிறுமி நேர்மை பற்றிப் பேசிப் பரிசு வாங்குகிறாள். பரிசு கொடுப்பவரின் கணக்குவழக்கு அரங்கில் பாதிப்பேருக்குத் தெரியும். பிள்ளைகள் காதிலும் விழுந்திருக்கும். அவள் பேச்சை நம்புவாளா, மாலையை நம்புவாளா?

அமெரிக்காவின் எரிசக்தி நிறுவனமான என்ரானிடம் 64 பக்க நெறிமுறைக் கையேடு இருந்தது. அது பறைசாற்றிய நான்கு விழுமியங்களில் நேர்மையும் ஒன்று. பேர்பெற்ற வணிக இதழொன்று ஆண்டுதோறும் அந்த நிறுவனத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. கணக்கில் கடனை மறைத்தது அம்பலமாகி 2001 டிசம்பரில் திவாலானது. ஓய்வுக்காலச் சேமிப்பை அதன் பங்குகளில் வைத்திருந்த ஊழியர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். மாலை போட்டவர்களுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை.

இன்சுலினைத் தந்த பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923இல் காப்புரிமையை டொரொன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் கூட்டத்தில் அவர்கள் பெயர் வந்திருந்தால், "நிதி எவ்வளவு தருவார்கள்?" என்ற கேள்வியிலேயே அடிபட்டுப் போயிருக்கும்!

பணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே பிள்ளைகளை உட்கார வைத்து ஒழுக்கம் போதிக்க முடியாது. ஏழைகள் எல்லாரும் உத்தமர்கள் என்று நினைக்கும் ஆளும் நான் இல்லை. நேர்வழியில் வந்த நன்கொடையை வாங்குங்கள், ரசீது கொடுங்கள், கல்வெட்டில் பெயரும் பொறியுங்கள். நான் கேட்பது அந்த ஒரு நாற்காலியை மட்டும்.

பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட மறுத்து வேலையை இழந்த கணக்காளர் ஒருவரை இந்த முறை அங்கே உட்கார வையுங்கள். தேடினால் கிடைப்பார், அப்படிப்பட்டவர்கள் தாமாக வந்து சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பதவி, சொத்து எதுவும் இல்லாதவரை மேடையில் எப்படி அறிமுகப்படுத்துவது என்று தயங்குவீர்கள். அந்த அறிமுக உரையை நான் எழுதித் தருகிறேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் விழாக் குழு உறுப்பினன்