மோஸ்தார் பாலத்துப் படம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய, போஸ்னியாவிலுள்ள மோஸ்தார் ஊர்ப் பாலத்துப் படத்தை அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். சரி, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே ‘செர்பியர்கள் இடித்த பாலம்’ என்று எழுதியிருந்தாயே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. போஸ்னியப் போரில் ஊரின் மற்ற பாலங்களை 1992-ல் தகர்த்தது செர்பியர் தரப்பு, அதனால் வந்த குழப்பமாக இருக்கும். இந்தப் பழைய பாலத்தை இடித்தது எச்.வி.ஓ. கண்ணு, போஸ்னியாவில் வாழ்ந்த குரோஷியர்களின் படை.

அந்தப் படையை 1992 ஏப்ரல் 8-ல் ஆரம்பித்தார்கள். அந்த ஜூனில் செர்பியப் படையை மோஸ்தாரிலிருந்து விரட்டியதே அவர்கள்தான், உள்ளூர் முஸ்லிம் பையன்களும் கூடவே நின்று சண்டை போட்டார்கள். அப்புறம் ஹெர்செக்-போஸ்னா என்று தங்களுக்குத் தனி ஆட்சி, மோஸ்தார் அதற்குத் தலைநகர் என்ற எண்ணம் தலைவர்களுக்கு முற்றிப்போய், குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபின் ஆதரவும் இருக்கவே, கூட நின்றவனே எதிரியாகிவிட்டான். 1993 மே 9 விடியற்காலையில் தாக்கினார்கள். ஊரின் நடுவே ஓடும் நெரெத்வா ஆற்றின் மேற்குக் கரை முஸ்லிம் குடும்பங்களை வீட்டிலிருந்து இழுத்துப்போய் ஹெலியோட்ரோம் முகாமில் அடைத்தார்கள், பிறகு ஆயிரக்கணக்கானவர்களைக் கிழக்குக் கரைக்குத் துரத்தினார்கள்.

கிழக்கே மாட்டிக்கொண்ட ஜனங்கள் பாலத்தைக் காப்பாற்ற பழைய டயர்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். 1566-ல் கட்டிய கல் பாலத்துக்கு டயர்தான் கவசம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நவம்பர் 8 முழுக்க டாங்கி அடித்தது, மறுநாள் காலை பாலம் நெரெத்வா ஆற்றில் விழுந்துவிட்டது. நீ நின்று படம் எடுத்தது 2004-ல் திரும்பக் கட்டியது.

2017-ல் ஹேக் நகரிலிருந்த சர்வதேசப் போர்க்குற்ற நீதிமன்றம் ஹெர்செக்-போஸ்னா தலைவர்கள் ஆறு பேரின் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் பாலம் ராணுவ இலக்குதான் என்று சொல்லி, பாலத்தை இடித்த குற்றத்தை மேல்முறையீட்டில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். எனக்கு அது இன்னும் ஒப்பவில்லை.

இதைப் படித்துவிட்டு உன் கூட வேலை பார்க்கிற அந்தக் குரோஷியப் பெண்ணிடம் முகம் சுளித்துவிடாதே. மோஸ்தாரில் இதெல்லாம் நடந்தபோதே, வேறு போஸ்னிய ஊர்களான பிஹாச்சிலும் தூஸ்லாவிலும் இதே எச்.வி.ஓ. சீருடை போட்டவர்கள் முஸ்லிம்களோடு சேர்ந்துதான் நின்றார்கள்.

மறுபடி போனால் பூலெவார் தெருவுக்குப் போ, சண்டைக் கோடு அங்கேதான் ஓடியது, குண்டு துளைத்த சுவர்கள் இன்னும் இருக்கின்றன. அதைப் படம் எடுத்து அனுப்பு. அம்மாவுக்கு வேண்டாம், எனக்கு மட்டும்.

அப்பா