கான்சஸ் கூடைப்பந்து வரலாற்றுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழக ஆடவர் கூடைப்பந்து அணியின் வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். நூல் அச்சுக்குப் போகும் முன், அதை எழுதத் துணைநின்றவர்களுக்குப் பொதுவெளியில் நன்றி சொல்வது என் கடமை. அவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரை எங்கும் குறிப்பிட வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொண்டார்கள். அந்த விருப்பத்துக்கு மதிப்பளித்துப் பெயர்களைத் தவிர்த்துவிட்டு, யாரால் எந்தப் பகுதி நிறைவு பெற்றது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி, லாரன்ஸ் நகரில் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள ஸ்பென்சர் ஆய்வு நூலகத்தின் ஆவணப் பிரிவு ஊழியர்களுக்கு உரியது. கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1898-ல் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அணி நடத்துவதற்காக வரவில்லை. வழிபாட்டுக் கூடத்தின் பொறுப்பாளராகவும் உடற்கல்வி ஆசிரியராகவும் வந்தார். கனடாவின் ஒன்டாரியோவில் பிறந்தவர், இறையியல் படித்தவர், கான்சஸுக்கு வரும் முன் டென்வரில் மருத்துவமும் படித்து முடித்திருந்தார். அந்தக் காலத்து மாணவர் ஆண்டு மலர்களையும் செய்தித்தாள் நறுக்குகளையும் பெட்டி பெட்டியாக எடுத்துவந்து கொடுத்த ஊழியர்கள், நான் கேட்டதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தச் செய்திக்குப் பக்கத்தில் வேறென்ன அச்சாகியிருந்தது, அதே வாரத்தில் ஊரில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கச் சொல்லிப் பழக்கினார்கள். ஆட்டத்தை மட்டும் எழுதாமல் ஊரையும் சேர்த்து எழுதும் பார்வை எனக்கு அங்கேதான் கிடைத்தது.

கான்சஸ் அணியின் முதல் ஆட்டம் 1899 பிப்ரவரி 3-ஆம் நாள் கான்சஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. அணியோடு நடந்தது. 16-க்கு 5 என்ற கணக்கில் கான்சஸ் தோற்றது. ஒரு முழு ஆட்டத்தில் ஒரு அணி ஐந்தே புள்ளிகள் எடுத்தது எப்படி என்று இன்றைய வாசகர் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை தந்தவர், தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா ஒருவர். நெய்ஸ்மித்தின் 13 விதிகளையும் அவரோடு தொலைபேசியில் ஒவ்வொன்றாகப் படித்தோம். பந்தோடு ஓடக்கூடாது; பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். தோளால் இடிப்பதும் பிடித்து நிறுத்துவதும் தள்ளுவதும் கூடாது. பதினைந்து நிமிடம் வீதம் இரண்டு பாதிகள், நடுவே ஐந்து நிமிட ஓய்வு. பந்தைத் தட்டித் தட்டிக் கொண்டு போவதைப் பற்றி அந்த 13 விதிகளில் ஒரு சொல்கூட இல்லை. அத்தோடு, ஒவ்வொரு முறை பந்து கூடையில் விழுந்த பிறகும் நடுவட்டத்துக்குத் திரும்பி மீண்டும் துள்ளிப் பந்தைத் தட்ட வேண்டும் என்ற வழக்கம் 1937 வரை நீடித்தது. ஆட்ட நேரத்தில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும் என்பதை ஐயா விளக்கிய பிறகுதான் அந்த ஐந்து புள்ளிகளை என்னால் புரிந்துகொள்ளவும் எழுதவும் முடிந்தது.

அந்த ஐயா படித்தது சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில். அதை 1920-ல் நிறுவிய ஹாரி குரோ பக், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பயின்றவர். 1891 டிசம்பரில் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை மாடத்தில் அறைந்து இந்த ஆட்டத்தைத் தொடங்கிவைத்ததும் அதே பயிற்சிப் பள்ளியில்தான். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஒரு கிளை கான்சஸுக்கும் இன்னொரு கிளை சென்னைக்கும் போயிருக்கிறது என்பதை எனக்குச் சுட்டிக்காட்டியவரும் அவரே. ஐயா, நூலின் இரண்டாம் இயல் முழுவதும் உங்களுடையது.

நெய்ஸ்மித் பயிற்றுநராக இருந்த காலத்தில் கான்சஸ் 55 ஆட்டங்களில் வென்று 60-ல் தோற்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநர்களில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர், ஆட்டத்தையே உருவாக்கிய அவர் ஒருவர்தான். இதை வேடிக்கைச் செய்தியாகவே பலரும் எழுதிவந்திருக்கிறார்கள். எனக்கு அது அவருடைய பெருமையாகவே படுகிறது. மாணவர் உடலும் ஒழுக்கமும் சீர்படவே விளையாட்டு என்று நம்பிய ஒருவர், வெற்றிக் கணக்குக்காகத் தம் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை. அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் அதற்கு நேர் எதிரானவர். கூடைப்பந்தும் பயிற்றுவிக்க வேண்டிய கலை, பயிற்றுவித்தால் வெல்லலாம் என்று நிறுவியவர். 1956 வரை கான்சஸ் அணிக்கு 590 வெற்றிகளைத் தேடித் தந்தவர். அவருக்குக் கீழே ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கியிலும், டீன் ஸ்மித் வட கரோலினாவிலும் பெரும் அணிகளைக் கட்டியெழுப்பினார்கள். நெய்ஸ்மித்தும் ஆலனும் இவ்வளவு வேறுபட்டும் ஒருவரையொருவர் மதித்தார்கள். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாக இடம்பெற்றபோது, முதிய நெய்ஸ்மித் அதை நேரில் காண வேண்டும் என்று பயணச் செலவுக்குப் பணம் திரட்ட முன்னின்றவர்களில் ஆலனும் ஒருவர்.

இனி நான் மிகுந்த கடப்பாட்டோடு நன்றி சொல்ல வேண்டிய ஒருவர், லாரன்ஸில் வாழும் கறுப்பினப் பெரியவர். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். என் நூலின் இயல் பட்டியலைப் படித்துவிட்டு, ஜான் மெக்லெண்டனுக்குத் தனி இயல் இல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது என்று அமைதியாக, ஆனால் உறுதியாகச் சொன்னார். மெக்லெண்டன் 1933-ல் கான்சஸுக்கு வந்து நெய்ஸ்மித்தையே தம் வழிகாட்டியாகப் பெற்று உடற்கல்வி படித்தார். ஆனால் பல்கலைக்கழக அணியில் கறுப்பின மாணவருக்கு இடமில்லை என்பதால், கூடைப்பந்தை உருவாக்கியவரிடம் நேரடியாகப் பாடம் கேட்டவருக்கு அந்தக் கல்லூரிச் சட்டையை அணிந்து ஓர் ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. 1936-ல் பட்டம் பெற்று வெளியேறிய அவர், வட கரோலினாவின் டர்ஹமில் கறுப்பின மாணவர் கல்லூரி ஒன்றில் பயிற்றுநரானார். 1944-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் முழுவதும் தேவாலயத்தில் இருந்த நேரத்தில், கதவுகளைப் பூட்டிக்கொண்டு, பார்வையாளர் எவரும் இல்லாமல், டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் வெள்ளையர் அணியோடு அவருடைய மாணவர்கள் ஆடினார்கள். 88-க்கு 44 என்று வென்றார்கள். இரு இனத்தவரும் ஒரே களத்தில் ஆடுவதே அங்கே அன்று ஆபத்தானது. பின்னர் டென்னசியில் பயிற்றுநராக இருந்து 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, சிறு கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கமான என்.ஏ.ஐ.ஏ.வின் தேசிய வாகையர் பட்டம் வென்றார். விரைந்து ஓடி விரைந்து தாக்கும் ஆட்டமுறைக்கு வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் அவர். கான்சஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய கூடைப்பந்து மேதைகளில் முதலிடம் அவருக்கே என்று நூலில் எழுதியிருக்கிறேன். அந்த முடிவு என்னுடையது. அதற்கு என்னை இட்டுச்சென்ற பெரியவருக்கு என் வணக்கம்.

அவருக்கு அடுத்து, தொண்ணூறை நெருங்கும் அம்மையார் ஒருவரைச் சொல்ல வேண்டும். 1950-களில் இந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தவர். ஆலன் பெயரால் அமைந்த உள்ளரங்கமான ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் 1955 மார்ச் 1-ஆம் நாள் திறக்கப்பட்டு, அன்றே கான்சஸ் அணி அங்கே கான்சஸ் ஸ்டேட் அணியை 77-67 என்று வென்ற கதையையும், கொரியப் போர்க்கால எஃகுத் தட்டுப்பாட்டின் நடுவே படைக்கலக் கிடங்காகவும் பயன்படும் என்று காட்டியே அந்தக் கட்டடத்துக்கு எஃகு பெற்ற கதையையும் நூல்களிலிருந்தே எழுதிவிடலாம். ஆனால் 1956 டிசம்பர் 3-ஆம் நாள், ஏழடி உயரத்து வில்ட் சேம்பர்லின் முதன்முதலாகக் கான்சஸ் முதன்மை அணிக்கு ஆடி, நார்த்வெஸ்டர்ன் அணிக்கு எதிராக 52 புள்ளிகளும் 31 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தபோது, மேல்வரிசை மரப்பலகையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அந்த அம்மையார்தான் சொல்ல முடியும். முதல் சில நிமிடங்கள் ஆரவாரம். பிறகு, பந்து எறியப்படும் முன்னரே எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்களாம். அன்றைய நிகழ்ச்சித் தாளை நாலாக மடித்து, திருமண அழைப்பிதழ்களோடு ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து தேய்ந்திருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் போட்ட புள்ளிக் கணக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது. படமெடுத்துக்கொள்ள அனுமதித்ததற்கு நன்றி.

1957 மார்ச்சில் கான்சஸ் சிட்டியில் நடந்த தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம் மூன்று கூடுதல் நேரங்கள் வரை நீண்டு, வட கரோலினாவிடம் 54-53 என ஒரே புள்ளியில் கான்சஸ் தோற்றது. ஆட்டத் தொடக்கத்தில் துள்ளிப் பந்தைத் தட்டுவதற்கு, சேம்பர்லினுக்கு எதிராக, எதிரணிப் பயிற்றுநர் ஆறடிகூட இல்லாத டாமி கேர்ன்ஸை அனுப்பினார். அந்த இரவை விவரிக்கும்போது அம்மையார் தோல்வியைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஊரிலும் கான்சஸ் சிட்டியிலும் உணவகங்கள் பல கறுப்பினத்தவருக்குக் கதவடைத்திருந்த காலத்தில், கறுப்பின இளைஞரான சேம்பர்லின் தலைநிமிர்ந்து நடந்ததைப் பற்றியே பேசினார். அந்தத் தோல்வியின் பாரத்தைத் தாமே சுமந்துகொண்டு நெடுங்காலம் ஒதுங்கியிருந்த சேம்பர்லின், 1998 ஜனவரியில், கல்லூரிக் காலத்து மேற்சட்டையை அணிந்து அதே அரங்கத்துக்குத் திரும்பினார். அவருடைய 13-ஆம் எண் சட்டை மரியாதையாகக் கூரையில் ஏற்றப்பட்டது. கூட்டம் நெடுநேரம் அவரை உட்கார விடவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

பட்டம் வென்ற ஆண்டுகளைப் பற்றி எழுத எனக்கு அதிக உதவி தேவைப்படவில்லை. அவற்றைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். 1952-ல் சியாட்டிலில் செயின்ட் ஜான்ஸை வென்றது, அந்த அணியின் ஏழு பேர் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றது, 2008-ல் மாரியோ சால்மர்ஸ் 2.1 வினாடிகள் மீதமிருக்கையில் எறிந்த பந்தால் மெம்ஃபிஸ் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது, 2022-ல் பாதி நேரத்தில் 15 புள்ளிகள் பின்தங்கியிருந்தும் வட கரோலினாவை 72-69 என்று வென்றது ஆகியவை அனைத்தும் உரிய இடத்தில் இருக்கின்றன. 1988 பற்றி மட்டும் ஒரு சொல். 11 ஆட்டங்களில் தோற்ற ஓர் அணி தேசியப் பட்டத்தை வென்ற அந்த ஆண்டைப் புரிந்துகொள்ள, இறுதி ஆட்டத்தின் ஒளிப்பதிவை என்னோடு உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்த பல்கலைக்கழக மாணவர்கள் இருவருக்கு நன்றி. டேனி மேனிங் 31 புள்ளிகளும் 18 ரீபவுண்டுகளும் எடுத்த ஆட்டம் அது. புள்ளிகளைவிட, அவர் பந்தில்லாதபோது எங்கே நின்றார் என்பதைக் கவனிக்கக் கற்றுத் தந்தவர்கள் இந்த இளையவர்கள். ஆட்ட நாள்களுக்கு முன் அரங்கத்தில் குழுக் குழுவாக இடம்பிடித்துக் காத்திருக்கும் மாணவர் வழக்கத்தையும், எதிரணியை அறிமுகம் செய்யும்போது எல்லோரும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் அருகிருந்து பார்க்க அழைத்துப் போனவர்களும் அவர்களே.

நெய்ஸ்மித்தின் மூல விதிகள் தட்டச்சான இரண்டே தாள்கள். 2010-ல் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு அவற்றை வாங்கி, தாம் வளர்ந்த லாரன்ஸுக்கே கொண்டுவந்த டேவிட் பூத் அவர்களுக்கு எந்த வாசகரும் நன்றி சொல்லலாம், நானும் சொல்கிறேன். அரங்கத்தை ஒட்டிய டெப்ரூஸ் மையத்தில், கட்டணமின்றி, எவரும் நின்று படிக்கும்படி அவை இருக்கின்றன.

கடைசி இயல் எழுதத் தயங்கியபோது துணிவு தந்த நண்பர் ஒருவர் உண்டு. தகுதியற்ற ஒரு வீரரை ஆட வைத்த காரணத்தால், 2018-ல் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்த தகுதியும் அந்தப் பருவத்தின் 15 வெற்றிகளும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட வேண்டும் என்று 2023-ல் தீர்ப்பு வந்தது. அணியை நேசிப்பவர் எவருக்கும் அதை எழுதக் கை வராது. மெக்லெண்டனுக்குக் கதவடைத்ததை எழுதிய கை இதையும் எழுதத்தான் வேண்டும் என்று அந்த நண்பர் சொன்னார். எழுதினேன். அந்த இயலைப் படித்துப் பார்த்த லாரன்ஸ் நகர வாசகர்களில் ஒருவர்கூட அதை நீக்கச் சொல்லவில்லை. அவர்கள் அனைவருக்கும் என் மரியாதை.

மெய்ப்புத் திருத்திய மதுரைத் தோழிக்கும், அட்டவணைகளைப் பொறுமையாக வடிவமைத்த தம்பிக்கும், வார இறுதிகளை இந்த நூலுக்கு விட்டுக்கொடுத்த என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் நன்றி. நூல் வெளிவந்ததும் முதல் படிகள் இரண்டில் ஒன்று ஸ்பென்சர் நூலகத்துக்கும், மற்றொன்று உடற்கல்வி ஆசிரியர் ஐயா பணியாற்றிய பள்ளியின் நூலகத்துக்கும் போய்ச் சேரும். இந்த மடலில் விடுபட்டுப் போன உதவி எதுவும் இருந்தால் உரியவர்கள் எனக்கு எழுதுங்கள். அடுத்த பதிப்பின் முன்னுரையில் சேர்த்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
நூலாசிரியர்