ஆறு மாதம் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வருடம் கார் மோதி என் தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன், பிசியோதெரபி, கடன் என்று அலைந்ததில் இழப்பீட்டு வழக்கைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவிலிருந்து 1994-இல் நீக்கப்பட்ட காலக்கெடு, 2019 திருத்தத்தில் திரும்ப நுழைந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டுமாம். எலும்பு கூடி, நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவர் சொல்லவே பலருக்கு அதற்கு மேல் ஆகிவிடுகிறது. கெடு வைத்தவர்கள் யாரும் மாவுக்கட்டோடு படுத்ததில்லை போலிருக்கிறது! நாடாளுமன்றம் இதை இரண்டு வருடமாகவாவது நீட்ட வேண்டும்.

சரி, அதுவரை? மனுவை நாம் குடியிருக்கும் ஊருக்கான விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் படுகாயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. இதையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் கார்டு நீட்டும் புரோக்கர் சொல்லித்தான் ஜனங்கள் தெரிந்துகொள்கிறார்கள், அவருக்கான பங்கோடு. முதல் தகவல் அறிக்கையின் நகலோடு இந்த விவரங்களையும் ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டுக் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாமே.

- ஒரு வாசகர், திண்டுக்கல்