போர்ட்டோ ரீக்கோ போகிற மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

உன் ரூம்மேட் கல்யாணத்துக்கு போர்ட்டோ ரீக்கோ போகலாமா என்று கேட்டாய். அம்மா "வேண்டவே வேண்டாம்" என்றாள், நான் "பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். பார்த்துவிட்டேன். தாராளமாகப் போய் வா. ஆனால் நீ அனுப்பிய திட்டத்தில் பாதியை வெட்டப்போகிறேன். போனில் சொன்னால் "எல்லாம் படிச்சிட்டேன்ப்பா" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் பயம். டாகாவில் (சிறு வயதில் இங்கே வந்து காகிதம் இல்லாமல் வளர்ந்தவர்களை நாடு கடத்தாமல் விட்டுவைக்கும் ஏற்பாடு) இருப்பவர்கள், அட்வான்ஸ் பரோல் என்கிற, வெளியே போய்த் திரும்புவதற்கான முன் அனுமதியை வாங்காமல் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் டாகா அதோடு போச்சு, திரும்பி வர உன்னிடம் விசாவும் கிடையாது. இதை அம்மா உனக்குப் பதினைந்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அதனால் கடல் தாண்டினாலே வெளிநாடு என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. குடியேற்றச் சட்டத்தில் "அமெரிக்கா" என்றால் ஐம்பது மாநிலங்கள் மட்டுமில்லை. போர்ட்டோ ரீக்கோ, குவாம், அமெரிக்க வர்ஜின் தீவுகள் எல்லாம் அதற்குள் வரும். வடக்கு மரியானா தீவுகளை 2009 நவம்பரில் சேர்த்தார்கள். இங்கிருந்து நேராக போர்ட்டோ ரீக்கோவின் தலைநகர் சான் ஹுவான் போய் நேராகத் திரும்பினால் நீ நாட்டை விட்டு வெளியேறியதாக ஆகாது. அமெரிக்கன் சமோவா மட்டும் தனிக் கதை. கொடி அமெரிக்காவுடையது, ஆனால் இமிகிரேஷன் சட்டம் அவர்களுடையது. அங்கே போனால் வெளிநாடு போன மாதிரிதான். உன் நண்பர்கள் யாரும் அங்கே கல்யாணம் வைக்காத வரைக்கும் நமக்குக் கவலை இல்லை.

"நேராக" என்ற சொல்லைக் கவனி. டிக்கெட் விலையை வரிசைப்படுத்தினால் பனாமா சிட்டி வழியாக ஒன்று மலிவாக வந்து நிற்கும். அதைத் தொடாதே. விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் நீ நாட்டுக்கு வெளியே போய்விட்டாய் என்றுதான் கணக்கு. குவாமில் இருக்கும் உன் இன்னொரு சிநேகிதியைப் பார்க்கப் போகும் ஆசை வந்தாலும் இதே விதிதான்: ஹொனலுலு வழியாகப் போகலாம், டோக்கியோ வழியாகக் கூடாது.

இனி வெட்ட வேண்டியவை. கல்யாணம் முடிந்து எல்லோரும் கப்பலில் போகப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். சான் ஹுவானிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல்கள் செயின்ட் மார்ட்டின், பார்படோஸ் என்று வேறு நாட்டுத் துறைமுகங்களைத் தொட்டுவிட்டு வருபவை. "நான் கப்பலை விட்டு இறங்கவே மாட்டேன்" என்பதெல்லாம் செல்லாது. கப்பல் கிடையாது. இதில் பேச்சே இல்லை.

செயின்ட் தாமஸ் ஒரு நாள் பயணம் கொஞ்சம் சிக்கலான விஷயம். சட்டப்படி அதுவும் உள்நாடுதான். டென்மார்க்கிடமிருந்து 1917ல் இரண்டரைக் கோடி டாலர் கொடுத்து வாங்கிய வர்ஜின் தீவுகளில் ஒன்று. ஆனால் அங்கிருந்து திரும்பும்போது, போர்ட்டோ ரீக்கோவுக்கே திரும்பினாலும், விமானம் ஏறுமுன் எல்லைக் காவல் அதிகாரி முன்னால் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். போகும்போது பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள், வரும்போது கேட்பார்கள். போர்ட்டோ ரீக்கோ உட்பட இந்தத் தீவுகளிலிருந்து புறப்படுகிறவர்களைச் சோதிக்க சட்டத்திலேயே இடம் இருக்கிறது. சான் ஹுவானில் பெரும்பாலும் விவசாயத் துறை ஆட்கள் பெட்டியைத்தான் பார்ப்பார்கள் (மாம்பழம் வாங்கி வராதே, பிடுங்கிவிடுவார்கள்), ஆனால் அங்கேயும் இமிகிரேஷன் அதிகாரி வந்து கேட்கலாம் என்ற நினைப்பிலேயே போ. ஒரு கல்யாணத்துக்காக ஒரு முறை அந்த வாசலைத் தாண்டலாம். ஒரு நாள் கடற்கரைக்காக இரண்டாவது முறை எதற்கு?

இன்னொன்றும் இருக்கிறது. செயின்ட் தாமஸுக்குப் பக்கத்திலேயே செயின்ட் ஜான், அதற்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் டோர்ட்டோலா. அது பிரிட்டன்காரர்களுடைய தீவு. செயின்ட் ஜான் கரையில் நிற்கும்போதே போனில் "பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளுக்கு வரவேற்கிறோம்" என்று குறுஞ்செய்தி வந்துவிடும். அங்கே படகுச் சவாரிக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம் போய்வருவது வழக்கம். உன் நண்பர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு ஏறுவார்கள். நடுக்கடலில் நீ "எனக்கு வேண்டாம், திருப்புங்கள்" என்று சொல்வாயா? உன்னைத் தெரியும் எனக்கு, சொல்லமாட்டாய்.

பதிலுக்கு வியேக்கெஸ் போ. சேபாவிலிருந்து படகில் போகலாம், போர்ட்டோ ரீக்கோவுக்குள்ளேயே இருக்கிற தீவு. இரவில் தண்ணீர் ஒளிரும் மஸ்கிட்டோ பே அங்கேதான் இருக்கிறது. எல் யுங்கே மழைக்காட்டையும் பார். மொஃபோங்கோ என்று வாழைக்காயை இடித்து ஒன்று செய்வார்கள். பன்றித்தோல் வறுவல் சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடு. நான் போனால் தினமும் அதையேதான் சாப்பிடுவேன்.

இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வை. விமான நிலையத்தில் நீங்கள் ஒரு கூட்டமாக வருவீர்கள், சிரித்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடு. அதிகாரி பொதுவாக எல்லோரையும் பார்த்து "யு.எஸ். சிட்டிசன்ஸ்?" என்பார். எல்லோரும் ஒரே குரலில் "யெஸ்" என்பார்கள். நீ தலையாட்டிவிடாதே. உன் பேச்சைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது, அதுதான் எனக்குப் பயம். குடிமகள் இல்லாதவள் குடிமகள் என்று சொன்னால், 1996ல் வந்த சட்டப்படி, அதற்கு மன்னிப்பு கிடைப்பது அரிதிலும் அரிது. நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகி கிரீன் கார்டுக்கு வழி திறந்தாலும் அந்த ஒரு "யெஸ்" குறுக்கே வந்து நிற்கும். வாய் திறக்காமல் தலையை அசைத்தாலும் அதே அர்த்தம்தான். "இல்லை, என்னிடம் டாகா இருக்கிறது" என்று சொல்லி அட்டையை நீட்டு. அதற்கு மேல் கேட்டால், வக்கீலிடம் பேச வேண்டும் என்று மரியாதையாகச் சொல். அவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே.

காகிதங்கள்: இ.ஏ.டி. என்கிற வேலை அனுமதி அட்டையின் அசல் உன் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் இல்லை. டாகா ஒப்புதல் கடிதத்தின் நகலும் வேண்டும். 2025 மே மாதத்திலிருந்து உள்நாட்டு விமானம் ஏறவும் ரியல் ஐ.டி. என்கிற தரத்தில் உள்ள அடையாள அட்டை கேட்கிறார்கள், உன் லைசென்ஸில் நட்சத்திரம் இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டாலும் இ.ஏ.டி. அட்டையை ஏற்றுக்கொள்வார்கள். அட்டை முடியும் தேதி பயணத்துக்குப் பிறகு நல்ல இடைவெளி விட்டு இருக்கட்டும். புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டு பழைய அட்டை காலாவதியான நேரத்தில் இந்தப் பயணம் வேண்டாம்.

"டாகா இருக்கும்போது ஏன்ப்பா இவ்வளவு?" என்பாய். 2012 ஜூனில் ஒபாமா அறிவித்தபோதே அது அந்தஸ்து இல்லை, நாடு கடத்துவதைத் தள்ளிவைப்பது மட்டும்தான் என்று சொன்னார்கள். டிரம்ப் அரசு அதை ஒழிக்கப் பார்த்தது, 2020ல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று தப்பித்தது. அதன் பிறகும் வழக்கு ஓயவில்லை. கொடுத்ததைத் திரும்பப் பெற அரசால் முடியும். அதனால் கிளம்புமுன் வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசு. அந்தச் செலவு என்னுடையது. நான் எழுதியதில் எதையாவது அவர் மாற்றிச் சொன்னால் அவர் சொல்வதையே கேள்.

கல்யாணம் பிப்ரவரியில் என்பது நிம்மதி. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் காலம். 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்தபோது தீவு முழுக்க மின்சாரம் போய், பல இடங்களில் மாதக்கணக்கில் வரவில்லை. அந்த நேரத்தில் அங்கே மாட்டிக்கொண்டு அட்டையும் காலாவதியானால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன், தூக்கம் போனதுதான் மிச்சம்.

எங்களையும் அழைத்திருக்கிறார்கள் என்று சொன்னாய். உன் சிநேகிதியின் அம்மா கைப்பட எழுதிய அழைப்பு, அம்மா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். நாங்கள் வரவில்லை. உன்னிடம் நீட்டுவதற்கு ஒரு அட்டையாவது இருக்கிறது, எங்களிடம் அதுவும் இல்லை. அந்தத் தீவுக்குப் போகும்போது எங்களையும் பெரும்பாலும் யாரும் தடுக்கமாட்டார்கள். திரும்புகிற வரிசையில்தான் கதை முடியும். அவர்களிடம் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு, அது பொய்யும் இல்லை. அம்மா ஒரு பட்டுப்புடவை எடுத்து வைத்திருக்கிறாள், பெண்ணுக்குக் கொடுக்க. எப்படிக் கட்டுவது என்று கேட்டால் நீயே கட்டிவிடு.

டிக்கெட் போட்டதும் விமான எண்ணோடு அனுப்பு, பணம் கட்டுவதற்கு முன்னால் அனுப்பினால் இன்னும் நல்லது. வக்கீல் நம்பரை போனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதிக்கொள். திரும்பி வரும் அன்றைக்கு நான் இரவு ஷிஃப்டை மாற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா