மணிக்கட்டு வலியைப் பழக்கம் என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிஸ்டல் சுடப் பழகும் பிள்ளைகளைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ரீகாயிலால், அதாவது சுட்டவுடன் துப்பாக்கி பின்னால் தருகிற உதையால், முதல் சில மாதம் மணிக்கட்டு வலிக்கத்தான் செய்யும், கை பழகினால் தானாகப் போய்விடும் என்று நடுவில் எழுதியிருந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. 20 வருடத்துக்கு முன்னால் என்னிடமும் இதையே சொன்னார்கள். நானும் நம்பி 8 மாதம் வலியோடே சுட்டேன், கடைசியில் தண்ணீர்க் குழாயைத் திருகுவதற்குக்கூட இடது கையைத் தேட வேண்டியதாயிற்று.

கட்டுரையோடு போட்டிருந்த படத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் முன்கை ஒரு திசையில் இருக்கிறது, பிஸ்டலின் குழல் இன்னொரு திசையில் இருக்கிறது. பிடி அவள் கைக்குப் பெரியது, விரல் விசையை எட்டவில்லை, எட்ட வைப்பதற்காகக் கையையே பிடியைச் சுற்றித் திருப்பிக்கொண்டிருக்கிறாள். இப்படிப் பிடித்தால் உதை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையில் விழாமல் கட்டைவிரல் மூட்டின் அடியில் போய் இடிக்கும். என் கதையும் அச்சு அசலாக இதேதான். கட்டைவிரலை உள்ளே மடக்கி, கையை மூடி, சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் உயிர் போகும். கட்டைவிரல் தசைநார்கள் ஓடுகிற உறை வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். கை பழகவே இல்லை சார், கெட்டுத்தான் போயிருந்தது.

உதை என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. தோட்டா முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் வருகிறது, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பாயிண்ட் 22 (குழல் விட்டம் 0.22 அங்குலம்) டார்கெட் தோட்டாவில் பாய்கிற குண்டின் எடை சுமார் 2.6 கிராம், 9 மில்லிமீட்டர் தோட்டாவில் அது ஏழரை, எட்டு கிராம் வரும், வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே எடையுள்ள இரண்டு பிஸ்டல்களில் இவற்றைச் சுட்டால் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் மூன்று மடங்கு வேகத்தில் கைக்குத் திரும்பி வரும், ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் கை வாங்க வேண்டிய ஆற்றலோ ஏறக்குறைய பத்து மடங்கு. அதனால் பாயிண்ட் 22-ல் ஒழுங்காகச் சுடுகிறான் என்பதற்காக ஒரு பையன் கையில் மறுநாளே பெரிய துப்பாக்கியைக் கொடுப்பது சரியல்ல. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கொஞ்சம் கனமான துப்பாக்கியும் வெடிமருந்து குறைந்த தோட்டாவும், அன்றைக்கு ஒரு 20 ரவுண்டும் போதும்.

இன்னொன்று, குழல் கைக்கு மேலே இருக்கிறது. அதனால் உதை நேராகப் பின்னால் வருவதில்லை, முனையைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அந்தத் தூக்கலை வாங்குவது மணிக்கட்டுதான். குழலுக்கும் கைக்கும் நடுவில் இடைவெளி கூடக் கூட நெம்புகோல் நீளும், தூக்கலும் கூடும். கையைப் பிடியின் மேல் வளைவு வரை ஏற்றிப் பிடியுங்கள் என்று பயிற்சியாளர்கள் கத்துவது இதற்காகத்தான், அழகுக்காக இல்லை.

ஆனால் காற்றழுத்தத்தில் சுடுகிற ஏர் பிஸ்டல்காரர்களும் ரீகாயிலைத் திட்டுகிறார்களே, அதுதான் எனக்குப் புரிவதே இல்லை. அரை கிராம் பெல்லட்டில், அந்தச் சின்னக் குண்டில், என்ன உதை இருக்கப்போகிறது? பாயிண்ட் 22 உதையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அங்கே வலிக்குக் காரணம் தூக்கிப் பிடிப்பது. கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்து, ஷாட்டுக்குப் பத்து வினாடி என்று வைத்தால்கூட, 60 ஷாட்டுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. சரியில்லை என்று இறக்கி மறுபடி தூக்குவது இந்தக் கணக்கில் இல்லை. மணிக்கட்டு கொஞ்சம் மடிந்த நிலையில் இதைத் தினமும் செய்தால் உதையே இல்லாமலும் கை போகும். அதனால் வலி என்றவுடன் முதலில் டிரை ஃபயர் மட்டும், அதாவது தோட்டா இல்லாமல் விசையை மட்டும் இழுத்து, செய்து பாருங்கள். அப்போதும் வலித்தால் பிடியையும் நிற்கிற விதத்தையும் பாருங்கள், உதையைத் திட்டிப் பயனில்லை.

பிடியைச் சரிசெய்வதைப் பெரிய வேலையாக நினைத்துப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். நானும் தள்ளிப்போட்டேன். டார்கெட் பிஸ்டல்களில் பெரும்பாலும் விசையை முன்னும் பின்னும் நகர்த்தலாம், உள்ளங்கைக்கு அடியில் இருக்கிற தட்டை ஏற்றி இறக்கலாம், மரப்பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவு அளவாக வருகிறது. இடிக்கிற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம், பள்ளமான இடத்தில் மரப் புட்டி வைத்து நிரப்பலாம். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்குங்கள், திறந்து பாருங்கள். முன்கையும் குழலும் ஒரே கோட்டில் இருந்து, மணிக்கட்டை வளைக்காமலே குறிபார்க்கிற முன், பின் சைட் இரண்டும் நேராக நின்றால் பிடி உங்களுடையது. ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை ஒடித்துத்தான் சைட்டைச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்றால் அது வேறு யாரோ ஒருவரின் பிடி.

இறுக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். வலிக்கிறவன் இன்னும் இறுக்கிப் பிடிப்பான், இறுக்கினால் கை நடுங்கும், நடுங்குவதால் இன்னும் இறுக்குவான். தெரிந்தவரோடு அழுத்தமாகக் கைகுலுக்குகிற அளவு போதும். மணிக்கட்டு உறுதியாக இருக்க வேண்டும், விரல்நுனி வெளுக்கக் கூடாது. தளர்த்திப் பிடிப்பதும் தப்புதான், துப்பாக்கி கைக்குள்ளேயே ஓடி வந்து அடிக்கும். முழங்கையை ஒரேயடியாகப் பூட்டிவிட்டால் உதை நேராக முழங்கை மூட்டுக்குப் போகும், அது இன்னொரு டாக்டர் செலவு.

பட்டை கட்டிக்கொண்டு சுடலாமே என்று கேட்பவர்களுக்கு: சர்வதேச விதிப்படி பிஸ்டல் பிடிக்கிற கையில் மணிக்கட்டுப் பட்டையோ கைக்கடிகாரமோ எதுவுமே இருக்கக் கூடாது, பிடியும் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. பயிற்சியில் பட்டைக்குப் பழகிவிட்டுப் போட்டியில் வெறுங்கையோடு நின்றால் தெரியும் சேதி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு சுடுவது அதைவிட மோசம். எச்சரிக்கை மணியின் வாயைத் துணியால் அடைக்கிற வேலை அது.

பிடி சரியான பிறகுதான் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும், தப்பான பிடியோடு எடை தூக்கினால் புண்ணைக் கீறுவதுதான். நான் செய்வது இவ்வளவே: முன்கையை மேசையில் வைத்து அரை கிலோ, ஒரு கிலோ எடையை மெதுவாக இறக்குவது, ஏற்றுவதைவிட இறக்குவதற்குத்தான் அதிக நேரம் எடுப்பேன். சுத்தியலைக் கைப்பிடி நுனியில் பிடித்து இடமும் வலமும் திருப்புவது. அப்புறம் ஐந்து விரல்களையும் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டி விரிப்பது, எப்போதும் மூடியே இருக்கிற கைக்கு அது பெரிய ஆறுதல். வாரத்தில் மூன்று நாள் போதும். சுடுகிற ரவுண்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், போட்டி வருகிறதே என்று ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கினால் கை அதற்குக் கணக்குத் தீர்க்கும்.

வலியோடு சுட்டால் இன்னொரு கேடும் உண்டு. உதை வருகிறது என்று கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், விசை விடுபடும் முன்பே அது முனையைக் கீழே தள்ளும். வலி போய்ப் பல மாதம் ஆன பிறகும் எனக்கு இது போகவில்லை. நண்பர் ஒருவர் எனக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவில் போலித் தோட்டாவைச் செருகித் தருவார். அது வருகிறபோது வெடிக்காத துப்பாக்கியின் முனை மட்டும் வெட்கமில்லாமல் குனியும். பார்த்துப் பார்த்துத்தான் திருந்தினேன்.

ஹங்கேரியின் பிஸ்டல் வீரர் கரோலி டகாச் 1938-ல் கைக்குண்டு வெடித்து வலது கை நாசமான பிறகு இடது கையால் பழகி 1948, 1952 ஒலிம்பிக்குகளில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் தங்கம் வாங்கினார். எனக்கு வலி வந்தபோது ஆளாளுக்கு இதைச் சொல்லித்தான் தேற்றினார்கள். அவருக்கு வேறு வழி இல்லை, எனக்கு இருந்தது.

இரவில் விரல் மரத்துப்போவது, வீக்கம், கையில் இருந்து பொருள் நழுவுவது, ஒரு வாரம் ஓய்வெடுத்தும் குறையாத வலி, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியாளரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். படத்தில் இருக்கிற பிள்ளைக்கு எப்படியாவது சொல்லி அனுப்ப முடிந்தால், விசையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் தள்ளிவிட்டு ஒருமுறை பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் போதாவிட்டால் ஒரு அளவு சிறிய பிடி.

இப்படிக்கு,
இப்போதும் சுட்டுக்கொண்டிருக்கும் ஒரு வாசகர்