கழற்ற முடிகிற கதவு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பற்றி அவளே தனியாக எழுதுவாள்.

கார்க் கதவின் எடையைக் குறைக்கும் வேலையை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று படித்து மகிழ்ந்தேன். எடை குறைந்தால் எரிபொருள் மிச்சம், பேட்டரியும் சிறிதாகப் போதும். சரிதான். ஆனால் புதுப்பேட்டையில் காலமெல்லாம் வண்டி பிரித்துப் பிழைத்தவன் உன் அப்பன். கார் எப்படி ஓடுகிறது என்பதைவிட எப்படிச் சாகிறது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அம்பாசடர் வந்தால் ஸ்பானர் போதும். கதவு, பானெட், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழன்று வரும். இப்போது வரும் வண்டிகளில் எங்கு பார்த்தாலும் பசை. டாஷ்போர்டைப் பெயர்த்தால் பிளாஸ்டிக்கும் நுரையும் மேலுறையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வருகின்றன. எடைக்குக்கூட எவரும் வாங்குவதில்லை.

நீ முதலில் பார்க்க வேண்டியது வயரிங்கை. தகட்டுக்குள் நுழைத்து, எட்டாத இடத்தில் கிளிப் அடித்துவிடுகிறார்கள். பையன்கள் இழுத்துப் பார்த்துவிட்டு, வராததை வெட்டி உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். அந்தத் தாமிரம் இரும்போடு உலைக்குப் போகிறது. உருகிக் கலந்த பின் அதைப் பிரிக்கக் கட்டுப்படியாகும் வழி கிடையாது. தாமிரம் கூடிய உருக்கைச் சூட்டோடு உருளைகளில் விட்டுத் தகடாக்கினால் மேற்பரப்பில் விரிசல் விழும். அதனால் கார் தகடாக இருந்த இரும்பு கட்டடக் கம்பியாகிறது. புதுத் தகட்டுக்கு மறுபடியும் தாதுவையும் நிலக்கரியையும் தோண்டுகிறார்கள்.

அலுமினியக் கதவு என்கிறாய். பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும். ஆனால் தகட்டு அலுமினியமும் வார்ப்பு அலுமினியமும் கலந்தால் எஞ்சின் பிளாக் போன்ற வார்ப்புகளுக்குத்தான் ஆகும். மின்சாரக் காரில் எஞ்சின் ஏது?

நீ இருக்கும் ஜெர்மனியிலேயே பாடம் கிடக்கிறது. கிழக்கு ஜெர்மனிப் பக்கத்து ஸ்விக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை 30 லட்சத்துக்கும் மேல் ட்ராபன்ட் கார்கள் செய்தார்கள். பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திய மேலுடல், துருப்பிடிக்காது. எஞ்சின் கக்கிய புகையை மறந்துவிட்டால், இன்றைக்கு விருதே கொடுத்திருப்பார்கள்! பெர்லின் சுவர் விழுந்த பிறகு மக்கள் அவற்றைக் கைவிட்டபோதுதான் சிக்கல் தெரிந்தது. அந்த உடலை உருக்க முடியாது. எரித்தால் நச்சுப் புகை.

ஐரோப்பியச் சட்டம் 2015 முதல் காரின் எடையில் 85 சதவீதம் மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ போக வேண்டும் என்கிறது. எடைக் கணக்கு என்பதால் கட்டடக் கம்பியான தகடும் அதில் சேர்ந்துவிடுகிறது. கணக்கு சரி, காரியம் அரைகுறை.

அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பார்: கண்ணாடி ஏற்றும் மோட்டாரை வயரோடு வெளியே எடுக்க ஓர் ஆளுக்கு எவ்வளவு நேரமாகும்? யாருக்கும் தெரியவில்லையென்றால் ஒரு பழைய கதவை வாங்கி நீயே பிரித்துப் பார்த்து எனக்கு எழுது. கையுறை போட்டுக்கொள், தகட்டின் ஓரம் கையைக் கிழித்துவிடும். தீபாவளிக்கு வருவதானால் விலை ஏறுமுன் டிக்கெட் எடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா