புளூ ஜாகரும் நீல வைரமும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, கீழக்கரையிலிருந்து ஸலாமும் வணக்கமும்.

வீட்டிலுள்ள பழைய ஏழுகல் தோட்டையும் பேசரியையும் மாற்ற வருபவர்கள் பலர், "இது புளூ ஜாகர். நீல வைரம் கோடிக்கணக்கில் போகிறதாமே?" என்று கேட்கிறார்கள். கடையில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறோம்.

புளூ ஜாகர் வெள்ளை வைரம்தான். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தை ஒட்டி வந்த பெயர் அது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் அந்தக் கல் தானே நீலமாக ஒளிர்கிறது. ராத்திரி விளக்கில் அந்தச் சாயல் தெரியாது. அருமையான கல்தான், ஆனால் விலை வெள்ளை வைரத்தின் விலை.

நீல வைரத்துக்கு நிறம் உடம்பிலேயே இருக்கிறது. போரான் என்ற தனிமம், மிக மிகக் குறைந்த அளவில், வைரத்தின் கரியோடு (கார்பன்) கலந்திருப்பதால் வரும் நிறம் அது. சாதாரண வைரம் பூமிக்கடியில் 150, 200 கிலோமீட்டர் ஆழத்தில் விளைகிறது. நீலக் கற்கள் பல 660 கிலோமீட்டருக்கும் கீழே உருவானவை என்று 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தப் போரான், பூமிக்குள் அமிழ்ந்த பழைய கடல்தரையோடு போயிருக்கலாம் என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடலையும் முத்தையும் நம்பி வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு இது பெரிய ஆச்சரியம்!

உலகமே அறிந்த ஹோப் என்ற நீல வைரமும் நம் நாட்டுக் கல்தான். கிருஷ்ணா ஆற்றங்கரைக் கொல்லூர் சுரங்கத்தில் கிடைத்தது என்பது பலரின் முடிவு. தாவர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி வாங்கிப்போய், 1668இல் பதினான்காம் லூயி மன்னருக்கு விற்றார். 1673இல் பட்டை தீட்டினார்கள். 1792இல், பிரெஞ்சுப் புரட்சியின்போது திருட்டுப்போனது. 1812இல் லண்டனில் தலைகாட்டிய நீலக் கல், அதையே அறுத்துச் சிறிதாக்கிய கல்தான். இன்று 45.52 காரட். ஹாரி வின்ஸ்டன் என்ற அமெரிக்க நகை வியாபாரி 1958இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், அதுவும் பதிவுத் தபாலில். புற ஊதா விளக்கைக் காட்டி அணைத்தால், அந்த நீலக் கல் இருட்டில் கொஞ்ச நேரம் சிவப்பாக ஒளிரும்.

அது சாபம் பிடித்த கல் என்கிற கதையை நம்ப வேண்டாம். முதலில் வாங்கிய தாவர்னியே எண்பதைத் தாண்டி வாழ்ந்தார்.

சரி, நீலமாக ஒரு கல்லைக் கொண்டுவந்து யாராவது விலை சொன்னால்? அங்கேதான் கவனம் வேண்டும். மங்கலான வைரத்தைக் கதிர்வீச்சில் வைத்து நீலமாக்குகிறார்கள். ஆய்வகத்தில் போரான் சேர்த்தே வளர்க்கிறார்கள். போரான் உள்ள கல்லில் மின்சாரம் பாயும், கதிர்வீச்சால் நீலமான கல்லில் பாயாது. அந்தச் சோதனை கதிர்வீச்சுக் கல்லைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஆய்வகத்தில் வளர்ந்த நீலக் கல்லிலும் மின்சாரம் பாயும். லென்ஸை வைத்துப் பார்த்து இயற்கை நிறம் என்று அடித்துச் சொல்ல எவராலும் முடியாது, எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும்.

அதனால் நிறமுள்ள வைரம் எதையும், ஜிஐஏ போன்ற ஆய்வகத்தின் அறிக்கை இல்லாமல் நாங்கள் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. அறிக்கையில் நிறம் இயற்கையானதா, கல் ஆய்வகத்தில் வளர்ந்ததா என்ற இரண்டும் இருக்க வேண்டும். புளூ ஜாகரை ரசீதில் 'வெள்ளை வைரம், நீல ஒளிர்வு உண்டு' என்றே எழுதுவோம். கொழும்பிலோ துபாயிலோ வாங்கிய கல் இருந்தால் பழைய ரசீதையும் சேர்த்து எடுத்து வாருங்கள். பார்த்துச் சொல்வதற்குக் காசு வேண்டாம். மும்பை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால், அதற்கான செலவை முன்னாலேயே சொல்லி, உங்கள் சம்மதம் வாங்கிய பிறகே அனுப்புவோம்.

அன்புடன்,
கடை நிர்வாகம், கீழக்கரை